மலைமேல் ஏற்றச் சொன்னது

சிலிபின், ஈப்போ
அட்சய வருடம் மாசி மாதம் 8ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை
20-2-1927

அன்பு மகள் நவமணிக்கு அப்பா எழுதுவது. கடவுள் கிருபையால் நானும் அம்மாவும் உயிரோடும் உடல்நலத்தோடும் இருக்கிறோம், நீயும் விடுதியில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு உறங்கி, சுகமாக இருக்கிறாய் என்றே நம்பி இதைத் தொடங்குகிறேன். அம்மாவுக்கு வெள்ளத்துக்குப் பிறகு வந்த காய்ச்சல் முற்றாக விட்டுவிட்டது, முழங்கால் வலி மட்டும் மழை நாளில் வருகிறது. மேலே விலாசம் மாறியிருப்பதைப் பார்த்து நீ பயந்திருப்பாய். பயப்படாதே, ஆனால் இந்தக் கடிதத்தைத் தனியாக இருந்து வாசி. வழக்கம்போல் மற்ற ஆசிரியப் பெண்களுக்குப் படித்துக் காட்டாதே. வாசித்து முடித்த பிறகு யாருக்குக் காட்டுவது என்பதை நீயே முடிவு செய்துகொள், நான் தடுக்க மாட்டேன்.

போன மாதம் நான் பீக்கன் என்ற இங்கிலீசுச் சொல்லுக்குப் பொருள் கேட்டு எழுதினேன். காரணம் எழுதவில்லை. நீ பள்ளிக்கூடத்துப் பெரிய அகராதியைப் பார்த்து இரண்டு பக்கம் பதில் எழுதியிருந்தாய். பழைய இங்கிலீசில் அது வெறும் அடையாளம் என்று பொருள்படும் சொல்லாக இருந்தது என்றும், கையை அசைத்து ஒருவரை வாவென்று கூப்பிடுவதற்கு அவர்களிடம் உள்ள சொல்லும் இதன் கூடப்பிறந்ததுதான் என்றும், கடலில் பகைவர் கப்பல் தெரிந்தால் மலைக்கு மலை தீ மூட்டிச் செய்தி சொன்னதால் அந்தத் தீக்கே பெயராகிவிட்டது என்றும், பிறகு கப்பலுக்கு வழி காட்டும் விளக்குக்கும் வந்தது என்றும் எழுதினாய். புத்தகத் தமிழில் கலங்கரை விளக்கம் என்று சொல்லலாம், காங்கேசன்துறையில் நாங்கள் வெளிச்சவீடு என்று சொல்வோமே அதுதான் அப்பா என்றும் விளக்கியிருந்தாய். கடைசியில், நல்ல வழி காட்டும் மனிதரையும் அப்படிச் சொல்வதுண்டு என்று எழுதி, அதற்கு உதாரணமாக, என் அப்பாவே எனக்குப் பீக்கன் என்று ஒரு வாக்கியம் அமைத்திருந்தாய். அந்த வரியை வாசித்த அன்று நான் சாப்பிடவில்லை. ஏன் என்பதை இப்போது சொல்கிறேன், ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மார்கழி வெள்ளத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கீழ் லயத்து வீடுகள் மூழ்கியதும், சின்னையா என்ற பால்வெட்டுக்காரன் இறந்ததும் முன்பே எழுதியிருந்தேன். அவன் எப்படி இறந்தான் என்று எழுதவில்லை. அன்று காலையிலேயே ஆறு கரை தாண்டிவிட்டது. புதிதாக வந்த துரை, மூன்று மாதந்தான் ஆகிறது, தமிழ் இன்னும் படியவில்லை, ரயில் பாதைப் பக்கம் போய்ப் படகு கொண்டுவருவதாகச் சொல்லிப் புறப்பட்டுப் போனார். மேல் லயத்துச் சனங்கள் அறுபது பேரளவில் மலைமேல் ரப்பர் உலர்த்தும் புகைக்கொட்டகையில் ஏறிவிட்டார்கள். கீழ் லயத்தில் பதினொரு பேர் வெளியே வர முடியாமல் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். பிற்பகல் நாலு மணிக்கு ஒரு மலாய்க்காரர் சிறு சம்பான் படகில் வந்து, மலையடியில் இருந்த ஆபீசில் என்னிடம் துரையின் சீட்டைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பினார். பென்சிலால் இரண்டே வரி. இருட்டுமுன் மலைமேல் ஒரு பீக்கன் ஏற்று, படகுகள் அதை நோக்கி வரும், அவ்வளவுதான். ஆனால் எனக்குப் பீக்கன் என்றொரு சொல் இருப்பதே தெரியாது மகளே. எனக்குத் தெரிந்தது பேக்கன். துரை பங்களாவுக்கு மாதாமாதம் ஈப்போவிலிருந்து வரவழைக்கும் பன்றி இறைச்சி டின்னுக்கு ஆபீஸ் கிராணியாக இருபது வருடமாக நான்தான் கடிதம் எழுதுகிறேன். இரண்டு சொல்லுக்கும் நடுவே இங்கிலீசில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அந்த எழுத்து நனைந்து அழிந்திருந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அது அங்கே தெளிவாகவே இருந்தது. அவசரத்தில் துரை எழுத்துப் பிழை விட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். படகில் வெள்ளைக்கார அதிகாரிகள் வருவார்கள், பசியோடு வருவார்கள், பங்களாவில் தண்ணீர் புகுமுன் டின்களை மலைக்கு ஏற்றச் சொல்கிறார் என்று எனக்கு நானே பொருள் செய்தேன்.

உனக்கு டிரஸர் சதாசிவத்தைத் தெரியும். தோட்டத்து ஆஸ்பத்திரிக்காரர், என்னைவிட இரண்டு வகுப்பு கூடப் படித்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் அப்போது முப்பது அடி தள்ளி மருந்துப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். சீட்டை அவரிடம் நீட்டி இதென்ன சொல் என்று கேட்க எனக்கு அரை நிமிடம் போதும். கேட்கவில்லை. போன வருடம் நான் பழைய துரைக்கு எழுதிய ஒரு கடிதத்தில் சதாசிவம் பிழை காட்டிச் சிரித்தார், அந்தச் சிரிப்பு எனக்கு மறக்கவில்லை. சொல் தெரியாதது என் குற்றமென்று யாரும் சொல்லமாட்டார்கள். கேட்காமல் விட்டதுதான் குற்றம்.

சீனி என்ற ஆளைக் கூப்பிட்டேன். அவன் நல்ல நீச்சல்காரன், அதனால் கூப்பிட்டேன். பங்களாவுக்குப் போய் அந்த டின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஏறு என்றேன். "கெராணி ஐயா, இந்தத் தண்ணியில எறச்சி டின்னத் தூக்கவா என்னய அனுப்புறீங்க? பொழுது சாயப் போவுது. மலை மேல நெருப்பு வச்சாத்தானே போட்டுக்காரனுக்கு வழி தெரியும்? கொட்டகையில காஞ்ச வெறகு கெடக்கு, மண்ணெண்ண அறை சாவியக் குடுங்க" என்று கேட்டான். கேள் மகளே, ஒரு எழுத்தும் படிக்காதவன், துரை எழுதியனுப்பியதையே என் முகத்துக்கு நேரே தமிழில் சொன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? துரை உத்தரவு இல்லாமல் ஒரு விறகைத் தொடக்கூடாது, மண்ணெண்ணெயும் தர முடியாது, கொட்டகையில் ரப்பர் காய்கிறது, தீப்பிடித்தால் யார் பதில் சொல்வது, நீ சொன்னதைச் செய் என்று அதட்டினேன். உத்தரவு அந்த நேரம் என் சட்டைப் பையில் இருந்தது.

அவன் கழுத்தளவு தண்ணீரில் போய் அந்தப் பெட்டியைத் தலையில் வைத்துக் கொண்டுவந்தான். நாங்கள் எல்லோரும் கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சிறு லாந்தரோடு இருந்தோம், சாரல் அடித்ததால் கதவைத் திறக்க முடியவில்லை. ஆறரை மணிக்கு நல்ல இருட்டு. ரப்பர் மரங்கள் எல்லாம் தண்ணீருக்குள் நின்றால் எந்த நிரையைப் பார்த்தாலும் ஒன்றுபோலவே இருக்கும், பகலிலேயே வழி தவறும். ஏழு மணி அளவில் தூரத்தில் ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது. நாங்களும் கத்தினோம். மழைச் சத்தத்தில் எந்தப் பக்கம் என்று அவர்களுக்கும் விளங்கவில்லை, எங்களுக்கும் விளங்கவில்லை. சத்தம் கொஞ்சங் கொஞ்சமாகத் தள்ளிப் போய் நின்றுவிட்டது. இரண்டு படகும் மலையைத் தாண்டிப் போய், நீரோட்டத்தில் இழுபட்டு, ஒரு மரத்தில் கட்டிக்கொண்டு விடியும்வரை அங்கேயே கிடந்தன என்று பிறகு தெரிந்தது. படகு போன கொஞ்ச நேரத்தில் கீழ் லயத்துக் கூரையின் ஒரு பக்கம் சரிந்தது. சின்னையா நாலு பிள்ளைகளை ஒவ்வொன்றாக அடுத்த கூரைக்குக் கைமாற்றிக் கொடுத்திருக்கிறான். அவன் நின்ற உத்திரம் அதன்பிறகு முறிந்தது. மற்றப் பத்துப் பேரையும் விடிந்ததும் படகுகள் ஏற்றிக்கொண்டன. மூன்றாம் நாள் ரயில் பாலத்தடியில் அவன் உடல் கிடைத்தது. அவன் பெண்சாதி மாரியம்மா, நீ போன விடுமுறையில் வந்தபோது உனக்குக் கூடை நிறைய ரம்புத்தான் பழம் கொண்டுவந்து தந்தவள், அவளேதான்.

இதற்குமேல் நடந்ததுதான் எழுதக் கை கூசுகிறது. மறுநாள் துரை ஆபீசுக்கு வந்து, என் பீக்கன் எங்கே, யாரிடம் சொன்னாய் என்று மேசையில் அடித்துக் கேட்டார். அவர் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் ஏதோ பெரிய பிழை நடந்துவிட்டது என்று எனக்கு உறைத்தது. மலைக்கு ஏற்றும்படி சீனியிடம் சொன்னேன் என்றேன். அது பொய்யில்லை, உண்மையுமில்லை. சீனியைக் கூட்டி வரச் சொன்னார். துரைக்குத் தமிழ் வராது, சீனிக்கு இங்கிலீசு வராது, இருவருக்கும் நடுவே மொழிபெயர்க்க நின்றவன் நான். சீனி, "எறச்சி டின்னத் தூக்கச் சொன்னாங்க, தூக்கியாந்து வச்சேன், நெருப்பு வைக்கவான்னு கேட்டேன், வேணாம்னாங்க" என்று துரையின் முகத்தைப் பார்த்துச் சொன்னான். நான் துரையிடம், தண்ணீர் அதிகமாக இருந்ததால் தன்னால் முடியவில்லை என்கிறான் என்று சொன்னேன். துரை அவனைத் திட்டிய திட்டை நான் மொழிபெயர்க்கவில்லை. மரண விசாரணையில் இவனை நிறுத்துவேன், பிறகு தோட்டத்தைவிட்டு வெளியேற்றுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சீனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. துரை ஏதோ கோபத்தில் இருக்கிறார், நீ வாயைத் திறக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவனுக்குச் சொன்னேன். அவன் என்னைக் கும்பிட்டான் மகளே.

அந்தச் சொல்லின் பொருளை இங்கே யாரிடமும் கேட்கப் பயந்துதான் கடலுக்கு அப்பால் இருக்கும் உன்னிடம் கேட்டேன். உன் பதில் வருவதற்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. ஒருவேளை அது வேறு ஏதாவது பொருளாக இருக்கும், துரைதான் விளங்காமல் எழுதியிருப்பார் என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டு தபால்காரனை எதிர்பார்த்தேன். உன் கடிதம் வந்த பிறகு அந்த வழியும் அடைபட்டது. வெள்ளத்தால் தள்ளிப்போன மரண விசாரணைக்குப் பதினாறாம் திகதி புதன்கிழமை என்று நாள் வைத்தார்கள். கோர்ட்டில் அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் இருப்பார், சீனி சொல்வதைச் சொன்னபடியே சொல்லிவிடுவார் என்று பயந்தேன். பிறகு, கிராணி சொல்லா, கூலியாள் சொல்லா, எதை நம்புவார்கள் என்றும் கணக்குப் போட்டேன். துரையின் சீட்டு மட்டும் இல்லாவிட்டால் போதும் என்று பட்டது.

திங்கட்கிழமை மத்தியானம் அம்மா கிணற்றடியில் இருக்கிறாள் என்று எண்ணி, குசினி அடுப்படிக்குப் போய் அந்தச் சீட்டை வெளியே எடுத்தேன். அம்மா உள்ளேதான் நின்றாள். "என்ன எரிக்கப் போறியள்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். "ஒண்டுமில்லாததை ஏன் ஒளிச்சு அடுப்புக்குக் கொண்டு வாறியள்?" என்றாள். அடுப்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, "எரிக்கிறதெண்டால் எரியுங்கோ. ஆனா இனி எனக்குத் தெரியும், நான் அந்த மாரியம்மாவின்ர முகத்தைப் பாத்துக் கதைக்க வேணும்" என்றாள். சீட்டை மடித்துத் திரும்பப் பையில் வைத்தேன்.

புதன்கிழமை காலை தோட்டத்து லாரியின் பின்னால் நான், சீனி, மாரியம்மா மூன்று பேரும் உட்கார்ந்து போனோம். சீனி வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். வழி முழுவதும் அவன் மாரியம்மாவுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தான். "நீ ஒண்ணும் பயப்படாத அக்கா, கெராணி ஐயா கூட இருக்காங்க, அவுங்க பேசிக்குவாங்க" என்றான். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் வரையும் நான் முடிவு செய்யவில்லை, இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கூண்டில் ஏற்றி, துரையின் உத்தரவை இந்த ஆளிடம் சொன்னீரா என்று கேட்டபோதும், ஆம் என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதிரே சீனி எனக்கு உற்சாகம் கொடுப்பதுபோல் தலையை ஆட்டினான். இல்லை என்றேன். சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். எனக்கு இந்தச் சொல் தெரியவில்லை, பன்றி இறைச்சி என்று வாசித்தேன், தெரிந்தவர் பக்கத்தில் இருந்தும் கேட்கவில்லை, தீ மூட்டவா என்று இவன் கேட்டான், நான்தான் தடுத்தேன், மறுநாள் இவன் சொன்னதை மாற்றித் துரையிடம் சொன்னேன், எல்லாவற்றையும் இங்கிலீசிலேயே சொன்னேன்.

பன்றி இறைச்சி என்றதும் பின்வரிசையில் இருந்த யாரோ சிரித்தார்கள். அடுத்த ஆளும் சிரித்தார். பிறகு கோர்ட்டில் பாதிப்பேர் சிரித்தார்கள், அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீதிபதி மேசையைத் தட்டி நிறுத்தினார். மாரியம்மா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள். "எதுக்கு சாமி சிரிக்கிறாங்க? எம் புருசன் செத்ததுக்கா சிரிக்கிறாங்க?" என்று சத்தமாகக் கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கு நான் சொல்கிறேன் என்று நீதிபதியிடம் கேட்டு, கூண்டில் நின்றபடியே தமிழில் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். "அப்ப அந்தக் காயிதத்துல வெளக்கு ஏத்தச் சொல்லித்தான் எழுதியிருந்திச்சா?" என்றாள். ஆமம்மா என்றேன். "கூரை மேல நின்னுக்கிட்டு அவரு அதத்தான் சொன்னாரு. மலையில வெளக்கு வப்பாங்க, போட்டு வந்துரும், மலையவே பாத்துக்கிட்டு இருங்கன்னு புள்ளைங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருந்தாரு. நாங்க பாத்துக்கிட்டேதான் இருந்தோம்" என்றாள். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

வெள்ளத்தில் நேர்ந்த விபத்து மரணம், சீனி மேல் குற்றம் எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். என்னை நீதிபதி கடுமையாகக் கண்டித்தார், சிறைக்கு அனுப்பவில்லை. துரை கோர்ட் வாசலிலேயே என்னிடம் இருபத்துநாலு மணி நேரத்தில் வீட்டைக் காலி செய் என்றார். சீனி மரத்தடியில் குந்தியிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு, "அன்னிக்கு ஆபீசுல நான் சொன்னத நீங்க துரைகிட்ட சொல்லவே இல்லியா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "காயிதம் புரியல, சரி, மனுசனுக்கு அது வரும். ஆனா ஆபீசுல நான் சொன்னது உங்களுக்கு நல்லாப் புரிஞ்சிச்சே ஐயா" என்றான். திரும்பும்போது அவர்கள் இருவரும் லாரியில் போனார்கள். நான் நடந்து போனேன்.

இப்போது சிலிபினில் ஒரு தையல்காரர் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்திருக்கிறோம். எனக்கு மரம் அறுத்து விற்கும் ஒரு மரக்காலையில், வரும் மரங்களுக்கு இலக்கம் போட்டு எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. நீ அங்கே வேலையை விட்டுவிட்டு இங்கே வரவேண்டும் என்று நினைக்காதே. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. டிரஸர் சதாசிவம் நாங்கள் சாமான் ஏற்றும்போது வந்து கைகொடுத்தார், அம்மாவின் தையல் மெசினை அவரே தூக்கி வைத்தார்.

இன்று காலை சீனி இங்கே வந்தான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை, வாசலில் நின்றபடியே மாரியம்மா சொல்லியனுப்பியதைச் சொன்னான். சின்னையாவின் தாய் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் உயிரோடு இருக்கிறாளாம், அவளுக்கு இன்னும் யாரும் தகவல் எழுதவில்லை. மாரியம்மா சொன்னது இதுதான்: "கெராணியே வந்து எழுதட்டும். வேற யாரும் எழுத வேணாம். நடந்தத நடந்தபடி எழுதணும், எழுதி எனக்குப் படிச்சுக் காட்டணும்." நாளை மரக்காலையில் அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறேன். துரை பார்த்தால் விரட்டுவார், ஆனாலும் போகத்தான் வேண்டும். காலையிலிருந்து அந்தக் கடிதத்தின் வாசகத்தை மனதுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கிழவிக்குப் பீக்கனும் வேண்டாம், கலங்கரை விளக்கமும் வேண்டாம். மலையில் தீ மூட்டச் சொல்லியிருந்தார்கள் அம்மா, நான் மூட்டவில்லை என்று எழுதினால் விளங்கும். ஏழு சொல்தான். அதில் நான் என்ற சொல்லை எழுத என் கைக்கு வருமோ என்று நாளைக்குத்தான் தெரியும்.

அம்மா உனக்கு அன்பு சொல்லச் சொன்னாள், அடுத்த தபாலில் பனங்கட்டி கொஞ்சம் அனுப்பினால் நல்லது என்றும் சொன்னாள். தலைக்கு எண்ணெய் வைக்கத் தவறாதே, ஈரத் தலையோடு வகுப்புக்குப் போகாதே. வகுப்பில் ஒரு பிள்ளை ஏதாவது கேட்டு உனக்குத் தெரியாவிட்டால், தெரியாது என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடு. என் கடிதத்துக்கு உடனே பதில் எழுத வேண்டியதில்லை, மனம் ஆறிய பிறகு எழுது. எழுதாமல் விட்டால் எனக்கு விளங்கும், ஆனால் அம்மாவுக்காவது ஒரு வரி போடு. எந்நாளும் நீ நல்ல சுகத்தோடும் நல்ல பெயரோடும் இருக்கக் கடவுள் துணை நிற்பாராக.

உன் அப்பா
இராசையா